கடலடி வங்கியின் கடைசித் தாள்

ஒரு தீவு நாட்டின் மத்திய வங்கி மொன்றியலின் லாசால் பகுதியில், எங்கள் அப்பார்ட்மென்டின் இரண்டாம் மாடியில், என் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. ஆளுநர் பூப்போட்ட ஹவுஸ்கோட்டோடு வெளியே வருவார். கருவூலம் ஒரு பிஸ்கட் தகரம். அந்த நாட்டுக்குக் கொடி கிடையாது, படை கிடையாது, சொல்லப்போனால் தரைகூடக் கிடையாது. முழு நாடும் தண்ணீருக்கு அடியிலே கிடந்தது. ஆனாலும் அதன் பணத்துக்கு எங்கள் படிக்கட்டில் டொலரை விட மரியாதை. டொலரை யார் நக்கிப் பார்த்தார்கள்? இதை நக்கிப் பார்த்தோம்.

பொறுங்கள். ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. அக்காவை நினைத்தாலே நினைவு நெத்தலிக் கூட்டம் மாதிரி ஒரே நொடியில் நாலு பக்கமும் திரும்பி மின்னுகிறது. பெயர் சொல்லப்போவதில்லை. நாங்கள் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. பாங்க் அக்கா, அவ்வளவுதான். மன்னார்ப் பக்கத்தில் ஒரு சின்ன வங்கிக் கிளையில் காசாளராக இருந்தவர். அங்கே தொடங்கி, எங்கெங்கோ ஒதுங்கி, கடைசியில் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு மொன்றியலில் கரையேறியவர்.

அவருடைய கதவு பூட்டுப்பட்டு நான் கண்டதில்லை. ஒரு பெரிய அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார். வெளியே பனி கொட்டும், ஜன்னலில் ஐஸ் பூக்கும், அக்காவின் கதவு ஆவென்று கிடக்கும். மூட்டையில் அரிசி குறையக் குறையக் கதவு தள்ளிக்கொண்டு வரும். உடனே அடுத்த மூட்டை வாங்குவார். பசிக்காக இல்லை, கதவுக்காக.

அவர் கடலில் குளித்ததேயில்லை. நீந்தத் தெரியாது. கணுக்காலுக்கு மேல் கடல் தொட்டதில்லை. வள்ளத்தில் ஏறினால் சத்தியெடுப்பார். ஆனால் மன்னார் வளைகுடாவின் அடி முழுக்க அவருடைய தலைக்குள் விரிந்து கிடந்தது. எப்படி? வரிசையில் இருந்துதான். சங்கு குளிக்கிறவர், வலை வளைக்கிறவர், கடலட்டை பிடிக்கிறவர் எல்லாரும் காசு எடுக்க வந்து நிற்பார்கள். தாள்களை எண்ணிக்கொண்டே அக்கா கேட்பாராம்: “இண்டைக்கு அடியிலை என்ன கண்டனீங்கள்?” ஒருவர் சேறு என்பார். ஒருவர் மணல் என்பார். ஒருவர் கண்ணை விரித்துக்கொண்டு பார் என்பார். பார் என்றால் கடலுக்கு அடியில் முத்துச் சிப்பி ஒட்டிக் கிடக்கும் கல்மேடு. அதற்கும் அப்பால் ஒரு பள்ளம் இருக்கிறதாம், அங்கே தண்ணீர் நீலத்தை விட்டுவிட்டுக் கறுப்புக்குப் போய்விடுமாம். அதைக் கண்டவர்கள் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்களாம்.

“அவை காசு எடுத்தினம், நான் கடல் எடுத்தன்,” என்பார் அக்கா.

நாணயம் பிறந்த கதை இது. ஒரு பனிக்காலம் எங்கள் படிக்கட்டில் பெரிய சண்டை. யார் யாருடைய பிள்ளையை அதிக நேரம் பார்த்தது, யார் யாருக்கு இடியப்பம் அவித்தது, யார் யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் பிரெஞ்சில் கதைத்தது. எல்லாரும் எல்லாருக்கும் செய்திருந்தார்கள், எல்லாரும் தாங்கள்தான் கூடச் செய்ததாக நினைத்தார்கள். அக்கா நடுப்படியில் நின்று கையைத் தட்டினார்.

“காசில்லாத தீவிலை இப்பிடித்தான். நான் அடிக்கிறன் காசு. சத்தம் போடாமல் போங்கோ.”

சீரியல் பெட்டிகளின் மட்டையை வெட்டினார். உப்புத் தண்ணீரில் தோய்த்து ஹீட்டரின் மேல் காயவைத்தார். நீலப் பேனாவால் கடலடியை வரைந்தார். ஆழம் கூடக் கூட மதிப்புக் கூடும். கரைத் தாளுக்கு ஒரு சின்ன உதவி, அடுப்பைப் பார்ப்பது, தபால் எடுத்து வைப்பது. தீடைத் தாளுக்கு ஒரு மணி நேரம் பிள்ளை பார்ப்பது. தீடை என்பது கடலுக்குள் மணல் குவிந்த மேடு, அதில் நின்று இளைப்பாறலாம். பார்த் தாளுக்கு ஒரு பிறந்தநாள் சமையல். யாரிடமிருந்து யாருக்குப் போனாலும் சரி, எந்த நேரத்திலும் தாளை அக்காவிடம் கொண்டுவந்து நீட்டலாம். அக்காவே அந்த வேலையைச் செய்து கொடுப்பார். அதுதான் வங்கியின் உறுதி.

“ஊரிலை தாளை வெளிச்சத்திலை பிடிச்சா உள்ளுக்கை சிங்கம் தெரியும். எங்கட தாளை நக்கினாக் கடல் தெரியும்.”

மூன்றாம் மாடிப் பெட்டை ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கலர்க் கொப்பி எடுத்து ஒரு பார்த் தாளைக் கள்ளமாய் அடித்துக்கொண்டு வந்தாள். அக்கா நாக்கு நுனியில் வைத்தார், கண்ணை மூடினார்.

“இது கெச்சப் கடல் பிள்ளை.”

“டெசோலே, அன்ரி,” என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த கிழமையிலிருந்து அவள்தான் உப்புத் தண்ணீர் கலக்கும் அதிகாரி.

தாள் கழிகிற விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வேலையைச் செய்து முடித்ததும் அக்கா ஹவுஸ்கோட் பொக்கற்றிலிருந்து துளை போடும் கருவியை எடுப்பார். டக், டக், டக். விழுந்த மட்டைப் பொட்டுகளை உள்ளங்கையில் குவித்து, உங்கள் தலைக்கு மேல் ஊதிவிடுவார். கலியாண வீட்டு அரிசி மாதிரி. பிறகு கேட்பார்: “கிடைச்சுதோ?” நீங்கள் வாய் திறந்து “கிடைச்சுது” என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் விடமாட்டார். சொல்லும்வரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, உற்சாகம் பொங்கித் தீடைத் தாளை அள்ளி அள்ளி அடித்துவிட்டார். தை பிறப்பதற்குள் ஒரு மணி நேரம் பிள்ளை பார்க்க இரண்டு தீடை கேட்டார்கள். பணவீக்கம்! எங்கள் படிக்கட்டில்! அக்கா பதறவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க மட்டன் றோல்ஸ் பொரித்தார், ஒரு றோலுக்கு ஒரு தீடை என்று விற்றார். வீங்கின காசு மாலைக்குள் வற்றிவிட்டது. நாங்கள்தான் வீங்கிப் போய்ப் படியில் உட்கார்ந்திருந்தோம்.

ஊரில் ரூபாய் விழுந்துகொண்டே போன அந்த வருஷம்தான் நான் அக்காவின் கதவைப் பற்றிக் கேட்டேன். போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை. அக்கா அந்த வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கதவை ஒருக்காச் சாத்தினா என்ன? குளிருது.”

“நான் ஒருநாள் சாத்தினனான்,” என்றார். ஒரேயொரு தரம்தான் அதைச் சொன்னார். காசுப் பெட்டி கொண்டுவந்த வள்ளம் கடலில் மூழ்கிப்போனதாக ஊரில் கதை பரவியதாம். சனம் ஓடிவந்து வங்கி வாசலில் குவிந்ததாம். உள்ளே இருந்த காசு போதாது. மனேஜர் ஷட்டரை இழுக்கச் சொன்னார். அக்காதான் இழுத்தார். “நாளைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ” என்று உள்ளேயிருந்து சத்தம் போடச் சொன்னார்கள், போட்டார். எல்லாரும் போன பிறகும் யாரோ ஒரு பொம்பிளை மட்டும் ஷட்டரில் சில்லறைக் காசால் தட்டிக்கொண்டே நின்றாளாம். டொக், டொக், டொக். அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. சண்டை வந்தது, ஊர் எழும்பிப் போனது.

“அவ கேட்டது அவவின்ரை சொந்தக் காசு பிள்ளை.” அவ்வளவுதான். எழும்பிப் போய் அரிசி மூட்டையை இன்னும் கொஞ்சம் கதவோடு தள்ளி வைத்தார்.

இனி டாக்சி அண்ணை. முதல் மாடி. யாழ்ப்பாணத்து ஆள், வாய் நிறையக் குத்தல். மொன்றியலின் தெருவெல்லாம் அவருக்குத் தன் உள்ளங்கை. மெட்ரோவை மட்டும் கண்ணில் காட்டக்கூடாது. “மண்ணுக்குள்ளை போறதுக்கு இப்ப என்ன அவசரம்? அதுக்கு ஒரு நாள் வரும்தானே,” என்பார். வங்கியையும் நம்பமாட்டார். “அக்கா, உங்கட பாங்க் எப்ப கவிழும் எண்டு சொல்லுங்கோ. வந்து படம் எடுக்கவேணும்.”

ஆனால் பெரிய பனிப்புயல் ஒன்றில் மூன்றாம் மாடியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டபோது, அம்புலன்ஸ் வரத் தாமதமான அந்த மத்தியானம், சறுக்கிச் சறுக்கி வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவர் இந்த டாக்சி அண்ணைதான். தாயும் பிள்ளையும் சுகம். அவருக்கு என்ன கொடுப்பது? பார்த் தாள் எல்லாம் இதற்குக் காணாது. அக்கா இதுவரை அடிக்காத தாளை அடித்தார். பள்ளம். மட்டை முழுக்க நீலத்தால் நிரப்பி, அதன் மேல் கறுப்பால் நிரப்பி, நடுவில் வெள்ளையாக எழுதினார்: ‘இதைக் கொண்டுவருபவரைக் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போவேன்.’

“உதென்ன அக்கா? எனக்கு ஒரு கொத்துரொட்டி போதுமே.”

“கொத்துரொட்டி எல்லாரும் தருவினம்.”

அவர் அதைத் தன் டாக்சியில், கண்ணுக்கு முன்னால், வெயில் மறைப்பில் செருகி வைத்தார். ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தார். படியில் அக்காவைக் காணும்போதெல்லாம்: “கடலடிக்கு எப்ப அக்கா? நீச்சல் உடுப்பு வாங்கட்டோ?” அக்கா சிரிப்பார். ஆனால் நான் எதிர்வீட்டுக்காரி, அந்தச் சிரிப்பு உள்ளே போன பிறகு முகத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். எழுதிவிட்டார். கொடுக்க வழி தெரியாது.

மகன் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்டில் வீடு வாங்கினான். ஜூலை முதலாம் திகதி போக வேண்டும். இந்த நகரம் முழுவதுமே வீடு மாறுகிற நாள் அது, ஃப்ரிட்ஜுகள் படியிறங்கும், மெத்தைகள் நடைபாதையில் வெயில் காயும். அக்கா மகனிடம் சொன்னார், வெளியில் இருக்கிற ஒவ்வொரு தாளையும் கழித்துவிட்டுத்தான் வருவேன், ஒன்று மிச்சமிருந்தாலும் வரமாட்டேன் என்று.

“அம்மா, அது சீரியல் மட்டை.”

“உன்ரை வீட்டுக் கடனுக்கு நீ வைச்ச கையெழுத்தும் பேப்பரிலைதான்.”

அறிவித்ததுதான் தாமதம். வங்கியை நோக்கி ஓட்டம்! ஜூன் கடைசியில் எங்கள் படிக்கட்டு பார்த்த வரிசை, அப்பப்பா. ஒரு கையில் கரை, ஒரு கையில் தீடை, பிள்ளைகள் இடுப்பில். அக்கா அந்த வரிசையைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார். பயம் என்பது மருந்துக்கும் இல்லை. தலை பின்னினார், பிளவுஸ் தைத்தார், ஒரு குழந்தையை மடியில் உறங்கவைத்துக்கொண்டே இன்னொரு குழந்தைக்குச் சோறு ஊட்டினார், மொறுமொறுவென்று பற்றிஸ் பொரித்தார். நாலாம் மாடியில் இருந்த சென்னைப் பொண்ணு, கம்ப்யூட்டர் வேலைக்காரி, ஒரு பார்த் தாளோடு வந்தாள்.

“அக்கா, எனக்கு பர்த்டே டிசம்பர்லதான். சில்லறையா மாத்தித் தர முடியுமா?”

“ஏன் சில்லறை? இண்டைக்குப் பிறவுங்கோ.”

அன்றைக்கே அவளுக்குக் கேக் வெட்டினோம். படியெல்லாம் மட்டைப் பொட்டு. டக் டக் டக், “கிடைச்சுதோ?”, “கிடைச்சுது”, மறுபடி டக் டக் டக். துடைப்பம் எடுத்தால் அக்கா அடிக்க வந்தார், “கிடக்கட்டும்! எங்கட பனி இது!”

ஜூலை முதலாம் திகதி. லொறி வாசலில். பிஸ்கட் தகரம் வெறுமை. சாமானெல்லாம் ஏறிவிட்டது, மகன் மணியைப் பார்க்கிறான், நாங்கள் எல்லாரும் படியில். டாக்சி அண்ணை கீழேயிருந்து ஆடி அசைந்து ஏறி வந்தார். கையில் அந்தக் கறுப்புத் தாள்.

“எல்லாருக்கும் குடுத்தாச்சு. எனக்கு?”

படியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. உதடு நாலைந்து தரம் திறந்து மூடியது, கரையில் போட்ட மீன் மாதிரி. பிறகு, பாவம், அந்த வாய் தன்பாட்டிலே சொல்லிவிட்டது:

“நாளைக்கு வாங்கோ, தம்பி.”

சொன்னதும் அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அந்த முகம். எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த நொடியில் எந்த ஷட்டர் எங்கே விழுந்தது என்று. டாக்சி அண்ணைக்குக்கூட ஏதோ தவறிப்போனது விளங்கிவிட்டது. “சும்மா பகிடிக்கு அக்கா, விடுங்கோ,” என்று தாளைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

“வைக்காதேங்கோ!”

அக்கா உள்ளே ஓடினார். வெறும் வீடு, சுவரில் ஒரேயொரு கடுதாசிதான் மிச்சம்: ஏற்ற மறந்த மெட்ரோ வரைபடம். அதன் முன்னால் நின்றார். பச்சைக் கோடு, செம்மஞ்சள் கோடு, நீலக் கோடு. இத்தனை வருஷமாக லாசாலிலிருந்து பச்சைக் கோட்டில் போய்ப் பச்சைக் கோட்டில் வந்தவர். விரலை மெல்ல நகர்த்தினார். ஒரு சின்ன மஞ்சள் கோடு, ஆற்றின் நிறத்துக்குள் நேரே இறங்கி, நடுவில் ஒரு தீவைத் தொட்டு, மறுபடி ஆற்றுக்குள் இறங்கி, அக்கரையில் லொங்கே நிலையத்தில் ஏறியது.

“பிள்ளை,” என்றார் என்னிடம், மூச்சு வாங்க. “இது பாலத்தாலையோ போகுது?”

“இல்லை அக்கா. ஆத்துக்குக் கீழாலை.”

அக்கா கூவிய கூவல் புரோசார்டுக்கே கேட்டிருக்கும்.

மகன் தலையில் கை வைத்தான். “அம்மா, விசரே உங்களுக்கு? லொறியிலை பாலத்தாலை போனா அரை மணித்தியாலம்.”

“நீ பாலத்தாலை போ. லொங்கேயிலை நில். நான் அடியாலை வாறன்.”

டாக்சி அண்ணையின் முகத்திலிருந்து யாழ்ப்பாணம் முழுக்க வடிந்துவிட்டது. “மெட்ரோவோ? அக்கா, நான்... இது ஆறு அக்கா. தாளிலை கடல் எண்டெல்லோ கிடக்கு?”

“ஆறு எங்கை போய்ச் சேருது?”

“கடலுக்கு.”

“அப்ப இது கடலின்ரை கிளை. தலைமைக் காரியாலயம் தூர இருக்கு எண்டு கிளையிலை காசு குடுக்காமல் விடுறதோ? நடவுங்கோ.”

நாங்கள் மூன்று பேரும் அங்ரிஞோன் நிலையத்தில் ஏறினோம். பெரி நிலையத்தில் இறங்கி, படிகள் இறங்கி, இன்னும் படிகள் இறங்கி, மஞ்சள் கோட்டுக்கு வந்தோம். வண்டியெல்லாம் வீடு மாறுகிற சனம். ஒருவன் ஆளுயர விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான், ஒருத்தி மடியில் கள்ளிச்செடி. டாக்சி அண்ணை கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, விளக்கைக் கட்டிய பெடியனைவிட நேராக, கண்ணை மூடி நின்றார். அக்கா பிஸ்கட் தகரத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். மணி அடித்தது, கதவு மூடியது, இருட்டு எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது.

“கரை!” என்றார் அக்கா. வண்டி இறங்கியது. “தீடை, தீடை! பிள்ளை, காது அடைக்குது, உனக்கும் அடைக்குதோ? சங்கு குளிக்கிறவை சொன்னவை, காதுதான் முதல்லை சொல்லும் எண்டு... இந்தா, பார்! தம்பி, இப்ப பாரைக் கடக்கிறம்!” ஜன்னலுக்கு வெளியே கறுப்பு. நீலத்தை விட்டுவிட்டுப் போன கறுப்பு. நடுநடுவே ஒரு விளக்கு, விழித்த மீன்கண் மாதிரி வந்து, நீண்டு, போனது. விளக்குப் பெடியன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அக்கா அவனைப் பார்த்துக் கையை ஆட்டி, “பொன்ஷூர்! பள்ளம்!” என்றார். அவனும் ஏதோ விளங்கினவன் மாதிரி, “பள்ளம்!” என்றான்.

அக்கா டாக்சி அண்ணையின் சட்டைப் பையிலிருந்து தாளை உருவினார். நாக்கு நுனியில் வைத்தார். அத்தனை வருஷ டாக்சி வெயிலுக்குப் பிறகும் உப்பு இருந்தது போல, முகம் விரிந்தது. டக். டக். டக். உள்ளங்கையைக் குவித்து ஊதினார். கறுப்புப் பொட்டுகள் அண்ணையின் வியர்த்த நெற்றியில், மீசையில், இமையில் ஒட்டின.

“கிடைச்சுதோ?”

“...ம்.”

“ம் செல்லாது. கண்ணைத் திறந்து சொல்லவேணும்.”

ஒரு கண் திறந்தது. பிறகு மற்றது. ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“மேலை தண்ணியோ அக்கா?”

“ஓம்.”

“முழுக்கவோ?”

“முழுக்கத் தம்பி. கப்பல் போகுது, மீன் போகுது, நாங்கள் அடியிலை.”

அவர் அப்படியே வாய் பிளந்து நின்றார். குத்தல் வாய், சின்னப் பிள்ளை வாயாகிவிட்டது. மெல்ல, கோயிலில் சொல்வது போல, சொன்னார்: “கிடைச்சுது.”

அக்கா கள்ளிச்செடிக்காரிக்குப் பக்கத்தில் தொப்பென்று இருந்தார். என் கையைப் பிடித்தார். “பிள்ளை, நானும் வந்திட்டன் என்ன? இவ்வளவு காலமும் எல்லாரிட்டையும் கேட்டுக் கேட்டு...” ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக்கு நடுவே தன் முகம் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது மகனுக்கு வேலை மாறி, அக்கா அவனோடு கல்கரியில் இருக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் கடல் கிடையாத ஊர். போனில் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி நல்ல மனுசியாம், கதவைத்தான் எந்நேரமும் பூட்டி வைத்திருக்கிறாளாம், அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமாம். சீரியல் பெட்டி சேர்க்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று லொங்கேயில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தோம். மகன் லொறிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா அவன் முன்னால் பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். குலுக்கிக் காட்டினார். ஒரு துண்டு மட்டைகூட இல்லை. பிறகு, என் கண் முன்னால் முதல் முறையாக, ஒன்றைச் சாத்தினார். தகரத்தின் மூடியை வைத்து, நாலு மூலையும் பெருவிரலால் அழுத்தி, டக்கென்று. அந்தச் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

லொறியில் ஒரேயொரு இருக்கைதான் மிச்சம். அக்கா ஏறி இருந்தார். டாக்சி அண்ணை நெற்றியில் கறுப்புப் பொட்டுகளோடு, மெட்ரோ வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அக்கா! அப்ப நான் திரும்பிப் போறது?”

அக்கா கதவுக் கண்ணாடியை இறக்கினார்.

“அது தாளிலை எழுதேல்லைத் தம்பி.”